வால் இல்லாத கோடு

புதிதாக லேபுக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கிறீர்கள், குப்பியை எடுக்கிறீர்கள், மதியச் சாப்பாட்டுக்குள் மெஷின் விடையைச் சொல்லிவிடுகிறது. ஆன்டிபாடி வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் வாசலுக்கே வந்து இறங்குகிறது. எங்கள் காலத்தில் ஆன்டிபாடி காதைத் தூக்கிக்கொண்டு, முள்ளங்கி இலையை மென்றபடி, லேபுக்குப் பின்னால் கூண்டில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மனசு வந்தால்தான் எங்களுக்கு வேலை நடக்கும்.

என் பெயர் ஜமீலா. செங்கல்பட்டு பஜாரில் குடையும் டார்ச் லைட்டும் விற்ற குடும்பம் எங்களுடையது. வேதியியல் படித்த பெண்ணைக் கடையில் உட்கார வைக்க முடியாது. வீட்டில் உட்கார வைத்தால் வீடு தாங்காது. அதனால் எழுபதுகளில் திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் லேபில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ரத்தம் வாங்கிக்கொண்டிருந்த மூலையில் இப்போது ஐஸ்கிரீம் கொடுக்கிறார்கள்.

எங்கள் லேபின் தலைவி ஒரு பெண் டாக்டர். பெயரை விட்டுவிடுகிறேன், நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம். திருக்கழுக்குன்றத்தில் கோயில் தெருவில் பிறந்து, வெளிநாடு போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு சின்ன உலோகக் குப்பியைச் சுற்றிக் கொண்டுவந்தார். நீளமான குழாயின் நுனியில் அதைக் கட்டி நோயாளியை விழுங்க வைத்தால், அது குடல் வரைக்கும் இறங்கி, உள்பக்கத்துச் சதையில் ஒரு துளியைக் கிள்ளிக்கொண்டு வரும். அதோடு சாந்தின் ஆக்சிடேஸ் என்ற என்சைம் மேல் ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்தார். குப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், பைத்தியத்தைப் பூட்ட முடியவில்லை.

நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பிலும், நாம் தின்னும் மீன், ஈரல் எல்லாவற்றிலும் ப்யூரின் என்ற சரக்கு இருக்கிறது. உடம்பு அதைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் யூரிக் அமிலமாக்கி வெளியே தள்ளும். அந்தக் கடைசிப் படிகளைச் செய்வது இந்த என்சைம். பிறவியிலேயே இது இல்லாத மனிதர்கள் மிக அபூர்வமாக இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் யூரிக் அமிலம் உண்டாகாது. அதற்கு முந்தைய படியில் நிற்கும் சாந்தின் சேர்ந்து சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகிவிடும். மனிதர்களுக்கு இந்த என்சைம் குடலிலும் ஈரலிலும் இருக்கிறது. பசும்பாலிலும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் பச்சைப்பாலில்தான்; காய்ச்சினால் கெட்டுவிடும்.

அதனால் நாங்கள் தினமும் விடிந்ததும் பால்காரரிடம் காய்ச்சாத பால் வாங்கினோம். அவர் "ஆஸ்பத்திரி பாலுக்கா தண்ணி ஊத்துவேன்?" என்று கோபித்துக்கொள்வார். ஊற்றியும் இருப்பார். அந்தப் பாலைக் கடைந்து, வெண்ணெயை எடுத்து, வடிகட்டி, பழுப்பு நிறத்தில் சுத்தமான என்சைமைப் பிரித்து எடுப்போம். அதை ராணி என்ற வெள்ளை முயலுக்கு ஊசி போடுவோம். சில வாரம் கழித்து ராணியின் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தால், அந்த என்சைமை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அதில் இருக்கும்.

இன்று நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடி. ராணி கொடுத்தது அப்படியல்ல, அது ஒரு கூட்டம். ஊருக்குள் புகுந்த ஆளை ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்களே, ஒருவர் மூக்கை வைத்து, ஒருவர் நடையை வைத்து, ஒருவர் சட்டையை வைத்து, அந்த மாதிரி. அதே ஆள் மறுபடி வந்தால் மொத்த ஊரும் பிடித்துக்கொள்ளும். அவன் தம்பி வந்தால், ஜாடையைப் பார்த்துப் பாதிப் பேர் பிடிப்பார்கள், மீதிப் பேர் இது வேற ஆளுப்பா என்று போய்விடுவார்கள். இந்தக் கூட்டத்தின் குணத்தைப் புரிந்துகொள்வதற்குள் எனக்குப் பாதி இளமை போய்விட்டது.

சோதனை இதுதான். தட்டில் அகார் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைத்து, நடுவில் ஒரு குழி, சுற்றிலும் சில குழிகள் வெட்டுவோம். நடுவில் ராணியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீர். சுற்றிலும் ஒரு குழியில் பசுவின் என்சைம், அடுத்ததில் நல்ல மனிதக் குடலை அரைத்த சாறு, அதற்கு அடுத்ததில் நோயாளியின் சாறு. எல்லாம் ஊறிப் பரவி, ஆன்டிபாடியும் என்சைமும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கோடு வந்தால் என்சைம் உண்டு, வராவிட்டால் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒரே பொருள் இருந்தால் இரண்டு கோடுகளும் வளைந்து ஒன்றாகிவிடும். ஜாடை மட்டும் ஒத்த வேறு பொருளாக இருந்தால், சேர்கிற இடத்தில் சின்னதாக ஒரு வால் நீட்டிக்கொண்டு நிற்கும். ராணி பார்த்துப் பழகியது பசுவின் என்சைமை. மனிதனுடையது அதற்குத் தம்பி. அதனால் பசுவுக்கும் மனிதனுக்கும் நடுவே எப்போதும் வால் இருக்கும். கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் தட்டைக் கழுவிச் சாயம் போட்டால்தான் வால் தெளிவாகத் தெரியும்.

என்சைம் வேலை செய்கிறதா என்று நேராக அளக்கும் மெஷின் எங்களிடமும் ஒன்று இருந்தது. அதன் விளக்கு எரிந்துபோய், புது விளக்கு கப்பலில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கடலில் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக, எங்களுக்கு ராணியை விட்டால் வேறு கதியில்லை.

அப்போதுதான் ஏழுமலை வந்தான். சதுரங்கப்பட்டினத்துக் கட்டுமரக்காரன், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பான். இடது சிறுநீரகத்தை ஏற்கெனவே வேறெங்கோ எடுத்திருந்தார்கள், கல்லால் கெட்டுப்போனது. இப்போது மிச்சமிருந்த ஒன்றிலும் ஒரு கல். வலி வரும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பான், வலி விட்டதும் பக்கத்துக் கட்டில்காரரிடம் வம்பு பேச ஆரம்பித்துவிடுவான். கூடவே அவன் அம்மா முனியம்மா. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவுக்குத் தெரியாத ஆள் கிடையாது.

அவனுடைய ரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளந்தது நான். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வந்தது. இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தில் கல் வைத்திருக்கிற ஆளுக்கு யூரிக் அமிலம் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? அறுவை சிகிச்சை டாக்டர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணு ரத்தத்துக்குப் பதிலா குழாய்த் தண்ணிய அளந்துடுச்சு போல" என்றாராம். எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்குக் கண் பளபளத்தது. சாந்தின் ஆக்சிடேஸ் இல்லாத மனிதன் ஒருவேளை இவன்தானோ என்று குப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் சின்னதல்ல. என்சைம் இருக்கிறது என்றால் இது வேறு வகைக் கல். ஒற்றைச் சிறுநீரகத்தைத் திறந்து கல்லை எடுத்தாக வேண்டும் என்று அறுவை டாக்டர் சொன்னார். அதில் ஏதாவது தவறினால் ஏழுமலைக்கு மாற்று இல்லை. என்சைம் இல்லை என்றால், கல் சின்னதுதான், மீனையும் ஈரலையும் நிறுத்திவிட்டு, தண்ணீராகக் குடிக்க வைத்துக் கல்லைத் தானாக இறக்கிப் பார்க்கலாம். காரணம் தெரியாமல் இப்போது வெட்டினால், நெத்திலிக் கருவாடும் வெயிலும் சேர்ந்து அடுத்த கல்லைச் செய்துவிடும், மறுபடி வெட்ட வேண்டும். ஒரு சிறுநீரகத்தை எத்தனை முறை வெட்டுவது?

"கல்லு இருக்கு, கத்தி இருக்கு, நடுவுல உங்க முயல் எதுக்கு?" என்றார் அறுவை டாக்டர். நல்ல மனிதர், கை சுத்தமானவர், பொறுமை மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை அவருக்கு. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

குப்பி விழுங்கும் சோதனை அந்த வெள்ளிக்கிழமை காலையே நடந்தது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழுமலை கண்ணில் நீர் முட்ட விழுங்கினான், அரிசி அளவுச் சதைத் துணுக்கு வெளியே வந்தது. கழுவி, அரைத்து, தட்டில் வைத்தேன். சனிக்கிழமை மாலை எடுத்துப் பார்த்தால், ஏழுமலையின் குழிக்கு எதிரே கோடு. மெல்லியதாகக் கூட இல்லை, நல்ல அழுத்தமான கோடு. என்சைம் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது, ஆனாலும் மறைக்காமல் அறுவை டாக்டரிடம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்கு அறுவை முடிவானது. என் யூரிக் அமிலக் கணக்கு தப்பு என்று ஆகிவிட்டது. வார்டு வழியாகப் போனபோது குழாயடியில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தத் தட்டுக்குச் சாயம் போட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நல்ல மனிதக் குடலுக்கும் பசுவுக்கும் நடுவே வால் இருந்தது, வழக்கம்போல. ஏழுமலைக்கும் பசுவுக்கும் நடுவே வால் இல்லை. இரண்டு கோடுகளும் வழுக்கிக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அதைவிட வேடிக்கை, ஏழுமலைக்கும் மற்ற மனிதனுக்கும் நடுவே வால் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், இந்தத் தட்டுப்படி ஏழுமலை மனுஷன் இல்ல. மாடு."

அவர் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஜமீலா, இந்தக் கோடு உன் நம்பரைத் தப்புன்னு சொல்லிடுச்சு. அதனால இதைத் தோண்டறே. உன் நம்பருக்குத் தோதா வந்திருந்தா, சாயம் போட்டு, லைட்ல பிடிச்சு, வாலைத் தேடியிருப்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருக்கிறேன், இவர் என் மனசைத் தோண்டுகிறாரே என்று. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாட்டேன் மேடம்."

"நல்லது. அப்ப ரெண்டையும் தோண்டு. முதல்ல உன் நம்பரை."

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த சம்பளத்தையெல்லாம் விட அந்த ஒரு கேள்வி பெரிது. பிடிக்காத விடையைச் சந்தேகப்படுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அது எல்லோருக்கும் தானாக வரும். பிடித்த விடைமேல் அதே சந்தேகத்தை வைப்பதற்குத்தான் ஆள் பக்கத்தில் நின்று உதைக்க வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா தன் கையையே நீட்டி ரத்தம் கொடுத்தார். ஏழுமலையிடமும் புது ரத்தம் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து, யூரிக் அமிலம் இருந்தால் நீலமாகும் அதே மருந்து, அதே குழாய்கள் கொண்டு அளந்தேன். டாக்டரம்மாவுக்கு ஒழுங்கான அளவு வந்தது, நீலம் பளிச்சென்று. ஏழுமலையின் குழாயில் நிறம் ஏறவே இல்லை. என் நம்பர் நின்றது.

அப்படியென்றால் தட்டில் இருக்கும் மாடு எங்கிருந்து வந்தது? பாலிலிருந்துதான். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது டீ. நம் ஊரில் டீயை யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்? ஆனால் டீக்கடைப் பால் காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கிற பால். அதில் இந்த என்சைம் பிழைத்திருக்காது, இவ்வளவு அழகான கோடும் விழாது. இது பச்சைப்பால். நோயாளிக்குப் பச்சைப்பாலை யார் கொடுப்பார்கள்?

டாக்டரம்மாவும் நானும் வார்டுக்குப் போனோம். ஏழுமலை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏழுமலை, வெள்ளிக்கிழமை வெறும் வயித்துலதானே வந்தே?" என்றார் டாக்டரம்மா.

"மெய்யாலுமே டாக்டரம்மா! ஒண்ணுமே துன்னல. டீ கூட வாணாம்னுட்டேன். பக்கத்துல நாஸ்தா துன்னுகினு இருந்தானுங்க, எனுக்கு வவுறு கபகபன்னுது, திரும்பிக்கூட பாக்கலயே."

அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் நோன்பு வைத்தால் பகலில் தண்ணீர் கூடக் கிடையாது. வாய் கொப்பளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று சின்ன வயதில் நான் பதறியிருக்கிறேன். அந்தப் பழக்கமோ என்னவோ, எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தோன்றியது.

"துன்னதை வுடு ஏழுமலை. காலைல கண்ணு முழிச்சதுலேருந்து அந்தக் குப்பிய முழுங்கற வரைக்கும், உன் வாய்ல இன்னா இன்னா பட்டது? பல்லு வெளக்கினதுலேருந்து ஆரம்பி."

அவன் விரல் மடக்கினான். "பல்லு வெளக்கினேன், சாம்பல்ல. வாய் கொப்ளிச்சேன். அம்மா துண்ணூறு பூசி, ஒரு சிட்டிகை வாய்ல போட்டுச்சி. அப்பால சாமி பாலு குடிச்சேன். அப்பால அந்தப் பேஜாரு புடிச்ச குழாய்..."

"சாமி பாலா?"

முனியம்மா முந்திக்கொண்டார். "இன்னா பாப்பா இப்டி கேக்கற? அன்னிக்கு கிருத்திகையாச்சே. புள்ளைக்கு இம்மாம் பெரிய சோதனை. விடிகாலம் பஸ்ஸு புட்ச்சி திருப்போரூரு போயி, முருகனுக்குப் பாலாபிஷேகம் பண்ணி, அந்தப் பால தூக்குல வாங்கியாந்தேன். ஒரு டம்ளர் குட்த்தேன். அது இன்னா சோறா? விரதத்துலயே பாலு, பழம் உண்டே!"

அபிஷேகப் பாலை யாரும் காய்ச்சுவதில்லை. கறந்த பால் முருகன் தலையில் விழுந்து, தூக்கில் இறங்கி, பஸ் ஏறி, ஏழுமலையின் குடலில் போய் உட்கார்ந்திருக்கிறது. என்னதான் கழுவினாலும் பால் கொழுப்பு சதையில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்திருக்கிறது. அதைத்தான் குப்பி கிள்ளி வந்திருக்கிறது. ராணி தனக்குப் பழக்கமான ஆளைப் பார்த்து, மொத்த ஊரையும் கூட்டிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

முனியம்மா விடவில்லை. "டாக்டரம்மாவுக்குக் கூட குட்த்தேனே! கேளு அவங்கள."

"குடுத்தாங்க," என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "உள்ளங்கையில வாங்கிக் குடிச்சேன். மீதியைத் தலையில தடவிக்கிட்டேன். அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, இவன்கிட்ட வெறும் வயிறான்னு கேட்டேன். ஆமான்னான். நானும் ஆமான்னு எழுதினேன். மனசறிஞ்சு, சத்தியமாத்தான் எழுதினேன் ஜமீலா. அது எனக்குப் பாலாவே தோணலை."

வார்டு சிஸ்டரும் வாங்கிக் குடித்திருந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும் குடித்திருந்தார். அன்று காலை அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது பிரசாதம். என்சைமைப் பாலிலிருந்து பிரித்தெடுப்பதையே வேலையாக வைத்திருந்த நாங்கள், டாக்டரம்மா கண் முன்னாலேயே பாலைக் குடிக்க விட்டுவிட்டு, என்சைம் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம். நான் அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று பெருமை பேச வரவில்லை. எங்கள் தெருவில் தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீரை எத்தனை பேர் மருந்தோடு மருந்தாகக் குடித்துவிட்டு, ஒன்றும் குடிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள்! நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

டாக்டரம்மா முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. முனியம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "டேய், இன்னாடா இது, படிச்ச பொம்பளைங்க இப்டி சிரிக்கறாங்க, உனுக்கு இன்னா கீதோ தெரிலயே."

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. பால் கலந்திருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் பாலுக்குக் கீழே ஏழுமலையின் சொந்த என்சைம் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தட்டு சொல்லாது. மறுபடி குப்பியை விழுங்க வேண்டும்.

"மறுக்காவா?" என்று ஏழுமலை தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "டாக்டரம்மா, நீங்க கத்தியே வெச்சிடுங்க."

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் யாருடைய கட்டிலிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ஏழுமலை, தப்பு என்னோடது. உனக்கு இருக்கறது ஒரே ஒரு கிட்னி. அதுல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு நிச்சயமா தெரியணும். இன்னொரு தபா முழுங்கு, நானும் உன் கூடப் பட்டினி இருக்கேன்." அவன், "தண்ணி கூட குடிக்கக் கூடாது நீங்களும்," என்று பேரம் பேசி ஒத்துக்கொண்டான்.

அறுவை டாக்டரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தட்டைக் காட்டி, வாலைக் காட்டி, பால் கதையைச் சொன்னேன். "இப்போ இவனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா?" என்று கேட்டுவிட்டு, தட்டை வாங்கி அவரே வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "வியாழக்கிழமை காலைல எனக்கு பதில் வேணும். இல்லேன்னா நான் கை கழுவிடுவேன்," என்றார். அறுவைக்குக் கை கழுவுவதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை முனியம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார், ஆனால் வாயில் போடவில்லை. நான் கட்டில் அருகிலேயே நின்றேன். டாக்டரம்மா உலர்ந்த உதட்டோடு குப்பியை இறக்கினார். சதைத் துணுக்கு வந்ததும் நான் லேபுக்கு ஓடினேன்.

தட்டை வெட்டும்போது டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார். "கோடு வரலைன்னா உனக்கு சந்தோஷம், இல்லையா?"

"ஆமா மேடம்."

"அந்த சந்தோஷத்துக்கும் இப்பவே ஒரு குழி வெட்டு."

எனக்குப் புரிந்தது. கோடு வராமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சீரம் கெட்டிருக்கலாம், சாறு நீர்த்திருக்கலாம், அவன் சதையில் என்சைமைத் தின்றுவிடும் வேறு ஏதாவது இருக்கலாம். ஆகவே இன்னொரு குழியில் ஏழுமலையின் சாற்றோடு நல்ல குடல் சாற்றைக் கொஞ்சம் கலந்து வைத்தேன். அங்கே கோடு வந்து, தனிச் சாற்றில் வராமல் இருந்தால்தான் இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

புதன்கிழமை பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. ராணிக்கு இரண்டு முறை தீனி போட்டுவிட்டேன். சாயந்தரம் டாக்டரம்மாவும் நானும் தட்டை எடுத்து ஜன்னலருகே பிடித்தோம். பசுவுக்குக் கோடு. நல்ல குடலுக்குக் கோடு, வாலோடு. கலந்த குழிக்கும் கோடு. ஏழுமலையின் குழிக்கு எதிரே கழுவிவிட்ட கண்ணாடி மாதிரி வெறுமை. வாழ்க்கையில் ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு முறைதான். டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, "சாயம் போட்டும் பார்த்துடு" என்றார். அந்த நேரத்திலும் விடவில்லை பாருங்கள்! போட்டேன். வியாழக்கிழமை காலை அதே வெறுமை, இன்னும் சுத்தமாக.

அறுவை டாக்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ குழாய்த் தண்ணி இல்ல," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் மன்னிப்பு வராது. அன்றைக்கு வேறு யாருக்கோ குடலிறக்கம் பார்க்கப் போய்விட்டார்.

ஏழுமலைக்குக் குடம் குடமாகத் தண்ணீர். நெத்திலி, மத்தி, ஈரல் எதுவும் கூடாது, வெயிலில் கட்டுமரத்தில் போனால் தண்ணீர்ப் பானை கூடவே போக வேண்டும். "மீன் புடிக்கறவன் மீன் துன்னக் கூடாதா? இன்னா நியாயம் இது?" என்று புலம்பிக்கொண்டே ஊருக்குப் போனான். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் துணியில் வடிகட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தோம்.

சில வாரங்கள் அவனைப் பற்றிச் சேதி இல்லை. பஸ் வரும்போதெல்லாம் நான் வாசலை எட்டிப் பார்ப்பேன். தண்ணீரை நம்பி அனுப்பிவிட்டோமே, அந்த ஒற்றைச் சிறுநீரகம் அடைத்துக்கொண்டால் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வானா என்று. ஒரு நாள் காலை, லேபின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கூடை வந்தது. கூடைக்குப் பின்னால் ஏழுமலை.

"சங்கரா மீனு. நான்தான் துன்னக் கூடாது, நீங்களாச்சும் துன்னுங்க." கூடையை இறக்கிவிட்டு மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சில், மிளகைவிடச் சின்னதாக, மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு கல். "துணி கிய்ஞ்சி பூட்சி டாக்டரம்மா. எறா வலைத் துண்ட கட்டிகினேன். ஊரே மீனுக்கு வலை போட்டா நான் கல்லுக்குப் போட்டேன். மாட்டிகிச்சி."

டாக்டரம்மா தீப்பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்கலாம் என்று ஊசியைக் கையில் எடுத்தேன். அவன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, நான் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்பே, விரல் மடக்க ஆரம்பித்தான்.

"எய்திக்க. சாம்பல்ல பல்லு வெளக்கினேன். ரெண்டு சொம்பு தண்ணி. கேவுரு கூழு, பச்சமொளகா. அம்மா குட்த்த சாமி பாலு அர டம்ளர். பஸ் ஸ்டாண்டுல டீ, அதுல தொட்டுகினு ஒரு பொறை. திருக்கழுக்குன்றம் தாண்டசொல்லோ கொட்டாவி வுட்டேன், ஒரு ஈ உள்ள பூட்சி. அத்தயும் சேத்துக்க."